ஜெபக்கனி304

பெயர் கேட்டது. கொடுத்தேன்.
ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது.
எனக்குத் தெரிந்து வியாசர்பாடியில்
நான் ஒருத்திதான் ஜெபக்கனி.
யாரடி நீ, எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள்?
இரண்டு மாதத்தில் என் வீட்டில் ஓடிய யூனிட்டை
வாலாக ஒட்டினேன்.
ஜெபக்கனி304.
சரி, உள்ளே வா என்றது.

முகத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.
மூக்கை இழுக்க ஒரு கோடு, தாடைக்கு ஒரு கோடு,
நிறத்துக்கு இருபத்து நாலு கட்டம்;
என்னுடையது கடைசிக்கு முந்தியது.
வயதுக்குக் கோடில்லை.
முழங்கால் வலிக்கும் இல்லை.
வாளா, வில்லா, மந்திரக்கோலா?
பகலெல்லாம் டார்ச்சும் ரீடிங் மெஷினும் சுமக்கிறவள்
இரண்டு கைக்கும் சேர்த்து
ஒரே கோடரியாக எடுத்துக்கொண்டேன்.

ரிச்சி தெருவில் தவணைக்கு வாங்கிய கம்ப்யூட்டர்
மாவு மில் போல இரைந்து இரைந்து
ஒரு கிராமத்தைக் கொண்டுவந்து வைத்தது.

பனி. மரவீடுகள்.
ஆட்களின் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி.
போய் நின்றால் போதும், பேசுகிறார்கள்:
"வீரரே, உமக்காகத்தான் காத்திருந்தோம்."
சிரித்துவிட்டேன்.
பதினெட்டு வருஷமாகக் கதவு தட்டுகிறேன்.
"ஈ.பி.!" என்று கத்தினால்
சீரியல் சத்தம் கொஞ்சம் குறையும்.
"மீட்டர் படிக்கட்டுக்குக் கீழ."
குரல் மட்டும்தான். முகம் வராது.
இங்கே
பத்துக் கிழங்கு பிடுங்கிக் கொடுத்ததற்கு
ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.
திரும்பப் போனேன்.
அதே வார்த்தை, அதே அழுகை.
இருந்தாலும் மூன்று தடவை போனேன்.

காட்டோரம் ஓநாய்.
எனக்கு நாய்களைத் தெரியும்.
பதினான்காம் குறுக்குத் தெருக் கறுப்பன்
வாலை ஆட்டினால் பிஸ்கட் கேட்கிறான்,
தோளைத் தாழ்த்தினால் பாயப்போகிறான்.
ஓநாயும் தோளைத் தாழ்த்தியது.
ஸ்பேஸ் பட்டனைத் தட்டினேன்.
நாற்பத்து மூன்று வயதில்
தரையில் உருண்டு எழுந்தேன்!
இன்னொரு தரம் உருண்டேன், சும்மா.
இன்னொரு தரம்.

ஆறு ஓநாய்களைச் சாய்த்தவளை
குளத்தங்கரையில் ஒரு வாத்து கொன்றது.

கல்மேடையில் விழித்தபோது
பக்கத்தில் இரும்புத் தொப்பிக்காரன்.
தலைக்கு மேல் 'பூரான்கிங்' என்றிருந்தது.
பெயரைப் பார்த்துத் தமிழென்று கண்டுபிடித்திருக்கிறான்:
"அக்காவா அண்ணாவா தெரியல,
வாத்து லெவல் பத்து. என் பின்னாடி நில்லுங்க."
நின்றேன்.
வாத்தைத் தாண்டினோம், பாலத்தைத் தாண்டினோம்,
குகைக்குள் பூதம் எழுந்து
உத்தரத்தில் தலை இடித்துக்கொண்டு நின்றது.
கோடரியை ஓங்கினேன்.

கரண்டு போய்விட்டது.

இருட்டில் உட்கார்ந்த இரண்டாம் நிமிஷம்
மூன்றாவது மாடி சுல்தான் பீவி போன் அடித்தாள்:
"அக்கா, நீங்க ஈ.பி.தானே, எப்ப வரும்?"
அடுத்து எதிர்வீடு. அதற்கடுத்து வீட்டுக்காரர்.
நான் எண் குறிக்கிறவள், லைன் பார்க்கிறவள் இல்லை என்று
எத்தனை பேருக்குத்தான் சொல்வது?
தெருவே விசிறியால் முதுகு சொறிந்துகொண்டு
மொட்டை மாடிக்கு ஏறியது.
நான் ஏறவில்லை.
ஓங்கிய கோடரியோடு அங்கே ஒருத்தி
அசையாமல் நிற்கிறாளே.

ஒன்றே காலுக்கு வெளிச்சம் வந்தது.
குகை இல்லை, பூதம் இல்லை. கல்மேடை.
ஓரத்தில் இரண்டு வரி:
"நீங்க மறையற வரைக்கும் முன்னாடியே நின்னேன்.
அது என்னைத்தான் அடிச்சுது. காலைல எக்ஸாம், வரேன்."
என்ன எக்ஸாம் என்று கேட்க
ஆள் இல்லை.
தூக்கம் வராமல் கொஞ்ச நேரம்
போகிற வருகிற தலைகளையெல்லாம் அண்ணாந்து பார்த்தேன்,
எண் ஒட்டாத அந்த ஜெபக்கனி
எங்காவது தட்டுப்படுகிறாளா என்று.

காலை எட்டரை. பதினான்காம் குறுக்கு.
கறுப்பன் தோளைத் தாழ்த்தினான்.
என் கட்டைவிரல்
கையிலிருந்த டார்ச்சின் பொத்தானை அழுத்தியது.
பட்டப்பகலில் எரிந்தது விளக்கு.
அவன் குழம்பிப்போய்
உட்கார்ந்துவிட்டான்.